ரெண்டு ஆள் ஆழம்

2023 ஜனவரியில் ஒரு லாரி டிரைவரிடம் பொய் சொன்னேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை, வாத்தியார்கள் தினமும் சொல்லுகிற ரகம்தான். முதலாமாண்டுப் பெற்றோர் கூட்டம். சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வண்டியை பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டு வந்தேன், சீக்கிரம் போகணும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பையனின் மார்க் தாளை நீட்டினேன். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தவர், கடைசி வரியில் நிறுத்தினார். "ஏனுங் சார், இதென்னுங்க தமிழர் மரபு? மெக்கானிக்கலுக்குத்தானுங்க சேத்துனேன். இது வேலைக்கு ஆகுங்களா?"

"இண்டர்வியூல கேப்பாங்கண்ணா" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். "அப்ப நல்லாப் படிக்கச் சொல்றனுங்க" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பதினொரு வருடமாக இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கேம்பஸ் இண்டர்வியூவில் பாறை ஓவியம் பற்றி யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. உண்மையான பதில் என்னிடம் இல்லை, அதனால் கைக்கு வந்ததைச் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் கெட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் அந்தக் கேள்வி செருப்புக்குள் போன சிறு கல் மாதிரி. நிற்கும்போது தெரியாது, நடந்தால் குத்தும்.

அந்தத் தாள் என் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் அண்ணா பல்கலைக்கழகம் முதலாமாண்டுக்கு இரண்டு தாள்களைச் சேர்த்தது: முதல் செமஸ்டரில் தமிழர் மரபு, இரண்டாவதில் தமிழரும் தொழில்நுட்பமும். எங்கள் கல்லூரியில் அத்தனை செக்‌ஷனுக்கும் சேர்த்து ஒரே ஒரு தமிழ் ஆசிரியர். மீட்டிங்கில் ஹெச்.ஓ.டி. சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீதான் ஃபேஸ்புக்ல தமிழ்ல எழுதுறியே" என்றார். அவ்வளவுதான் தகுதி. நான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துகிறவன். நீர், அழுத்தம், குழாய், பம்ப். எட்டுத்தொகையில் எட்டு நூல்களையும் வரிசையாகச் சொல்லு என்றால் ஆறாவதில் திணறுவேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒரு கிரெடிட், ஐந்து யூனிட். பாறை ஓவியம் முதல் நவீன ஓவியம் வரை மூன்று பீரியடில் கடக்க வேண்டும். அடுத்த மூன்று பீரியடில் தெருக்கூத்து, கரகாட்டம், வில்லுப்பாட்டு, சிலம்பாட்டம் எல்லாம். ஐவகை நிலத்துக்கு மூன்று. ஜெட் விமானத்தின் ஜன்னல் வழியாகத் தமிழ்நாட்டைப் பார்க்கிற மாதிரி. மாணவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசைக்கு அது தூங்குகிற பீரியட், முன்வரிசைக்கு ஃபிசிக்ஸ் ரெக்கார்டு எழுதுகிற பீரியட்.

எங்கள் கணிதத் துறையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். டீ குடிக்கப் போகும்போதெல்லாம் இந்தத் தாளைப் பற்றி என்னைச் சீண்டுவார். அவருடைய ஆயுதம் ராமானுஜன். "கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேர்ந்த பையன். கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கல, இங்கிலீஷ்ல ஃபெயில், ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-ல பச்சையப்பாஸ்ல வந்து சேர்ந்தான். எஃப்.ஏ., அதான் அந்தக் காலத்து இண்டர்மீடியட், அந்தப் பரீட்சைல உடலியல்ல தோத்தான். ஆறு வருஷம் கழிச்சு போர்ட் டிரஸ்ட்ல மாசம் முப்பது ரூபாய்க்குக் கிளார்க். எல்லாரும் எல்லாத்தையும் படிக்கணும்னு உங்களை மாதிரி ஆளுங்க வச்ச சட்டம்தான்யா அவனைத் தெருவுல நிறுத்திச்சு." 

எனக்கு மறுப்புச் சொல்ல வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பரந்த படிப்பு வேண்டும் என்று பேசுகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கூட்டத்தில் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். அவர் கதையோ நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தபோது முயலின் செரிமான மண்டலத்தை வரையச் சொல்லவில்லை, ஆராய்ச்சியைப் பார்த்துக் கொடுத்தது.

சீக்கிரமே எனக்கும் ஒரு சின்ன ராமானுஜன் வந்து வாய்த்தான். கணக்கு மேதை இல்லை, லேத் மேதை. மெஷினைத் தொட்டால் அதன் உடம்புச் சூடு தெரியும் அவனுக்கு. ஐ.டி.ஐ. படித்துவிட்டு டிப்ளமோ முடித்து வந்த அண்ணன் இருந்தான், வீட்டிலேயே ஒர்க்‌ஷாப். இந்தப் பையனுக்குத் தமிழர் மரபில் அரியர். இரண்டாவது தடவை எழுதியும் அரியர். "சார், நான் எழுதினா கை வலிக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றான். கம்பெனி அரியர் இல்லாதவர்களை மட்டும் இன்டர்ன்ஷிப்புக்குக் கூப்பிட்டபோது அவன் பெயர் லிஸ்ட்டில் இல்லை. அவனை விட்டுவிட்டு, லேத்தில் இரும்பைப் பிடிக்கிற 'சக்'கை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத மூன்று பேர் போனார்கள். அவனைத் தோற்கடித்தது என் தாள். அந்த வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

அக்கா படித்த படிப்பு

வீட்டில் இரண்டு பிள்ளைகள். அக்காவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்த்தார்கள், வருடத்துக்குச் சில நூறு ரூபாய். என்னைத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்க்க அரை ஏக்கர் போயிற்று. நல்ல படிப்பு எனக்கு, ஒப்புக்குப் படிப்பு அவளுக்கு என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. அக்காவுக்கும் தெரியும்.

கலைக் கல்லூரியில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், அப்புறம்தான் மேஜர். இரண்டு வருடம் தமிழும் ஆங்கிலமும் படித்தாக வேண்டும். கணக்குப் படிக்க வந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து கலிங்கத்துப்பரணியைத் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வார்கள். பேய்கள் கூழ் சமைக்கிற இடத்தை அக்கா இன்றைக்கும் அபிநயத்தோடு சொல்வாள். எனக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. நான்கு வருடத்தில் எனக்கு வந்த 'வெளிப்பாடம்' எல்லாம் பிரசன்டேஷனில் எப்படி நிற்க வேண்டும், டை எப்படிக் கட்ட வேண்டும் என்பதுதான்.

அப்பா போன பிறகு பக்கத்துக் காட்டுக்காரரோடு வண்டித்தடத் தகராறு வந்தது. இரும்புப் பெட்டியிலிருந்து பழைய பத்திரங்களை எடுத்துப் போட்டோம். பத்திரத் தமிழ் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். மூன்று வரி படித்துவிட்டு, வக்கீலிடம் கொடுத்துவிடலாம் என்றேன். அக்கா பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே எழுவாய், எங்கே வினை, இடையில் சொருகியிருப்பது யார் பெயர் என்று பிரித்துக்கொண்டே போனாள். ஒரு மணி நேரத்தில், "இங்க பாரு, 'மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட'ன்னு இருக்கு. தடம் ரெண்டு பேருக்கும் பொது" என்றாள். எழுதியிருந்தது எங்களுக்கு முழு சாதகமாக இல்லை. நான் கொஞ்சம் வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "எழுதியிருக்கறது இதுதான்" என்று முடித்துவிட்டாள்.

பரணி படித்ததால் பத்திரம் புரிந்தது என்று நான் சொல்லவில்லை. அக்கா மூளைக்காரி, எங்கே படித்திருந்தாலும் படித்திருப்பாள். ஆனால் புரியாத ஒரு பக்கத்துக்கு முன்னால் அவள் பயப்படவில்லை, நான் பயந்தேன். நான்கு வருடம் எனக்குக் கொடுக்கப்பட்ட பக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ மென்று கொடுத்தவை.

யாருக்கு எது

லிபரல் எஜுகேஷன் என்பதற்குத் தமிழில் இன்னும் ஒரு நல்ல வார்த்தை அமையவில்லை. தாராளக் கல்வி என்றால் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கிறது. பரந்த கல்வி என்பது பரவாயில்லை, ஆனால் மூலத்தில் இருக்கிற ஒரு விஷயம் அதில் விடுபட்டுப் போகிறது. லிபர் என்றால் லத்தீனில் சுதந்திரமானவன். அடிமை அல்லாதவன் படிக்கத் தகுந்த கலைகள் என்பதுதான் பழைய பொருள். இலக்கணம், தர்க்கம், பேச்சு, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்று பின்னாளில் ஏழாக வகுத்தார்கள். பட்டியலைப் பாருங்கள், கையால் செய்கிற ஒரு வேலைகூட இல்லை. தச்சு வேலையும் கொல்லர் வேலையும் அதில் வராது, அவற்றைச் செய்ய வேறு ஆட்கள் இருந்தார்கள். நம் ஆய கலைகள் அறுபத்து நான்கில் தச்சு உண்டு, சமையல் உண்டு. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். பட்டியலில் இடம் கொடுத்தோம், தச்சரின் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கொடுத்தோமா என்பது வேறு கேள்வி.

இந்தப் பிரிவு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இன்ஜினியரிங் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் பட்டம் வாங்க வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், இசை என்று இந்தப் பக்கத்துப் பாடங்கள் எட்டு முடித்தாக வேண்டும். எட்டு! நம் ஐ.ஐ.டி.களில் இந்தப் பாடங்களுக்கென்றே ஒரு துறை தனியாக உண்டு. சோனிபத்தில் 2014-இல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்கலாம், வருடத்துக்கு லட்சக் கணக்கில் கட்ட முடிந்தால், அல்லது உதவித்தொகை கிடைத்தால். சுதந்திரம் வந்த கையோடு ராதாகிருஷ்ணன் தலைமையில் போட்ட பல்கலைக்கழக ஆணையம் எல்லா மாணவர்களுக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்றது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறது. ஆக, பெரிய இடத்தில் யாருக்கும் இதில் சந்தேகமே இல்லை.

சந்தேகம் எல்லாம் எங்கள் மாதிரிக் கல்லூரிகளில்தான். என் வகுப்பில் பாதிப் பேர் முதல் பட்டதாரிச் சலுகையில் வந்தவர்கள். அவர்களைப் பார்த்ததும் நமக்கு உடனே ஒரு இரக்கம் வந்துவிடுகிறது: பாவம், இவனுக்கு எதற்குத் தத்துவம், சீக்கிரம் ஒரு வேலையில் உட்காரட்டும். இரக்கம் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. எட்டுப் பாடம் அங்கே, ஒரு கிரெடிட் இங்கே. அந்த ஒரு கிரெடிட்டையும் வீண் என்று நினைத்தவன்தான் நான்.

குமிழித் தூம்பு

இரண்டாவது செமஸ்டர் தாளில் நாலாவது யூனிட் நீர்ப்பாசனம். சோழர் காலக் குமிழித் தூம்பு அதில் வருகிறது. இது என் பேட்டை. ஏரிக்குள், கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் கீழே ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, அதுதான் நீரோடி. அதற்கு ஒரு அடைப்பு. தொட்டியின் அடிப்பக்கம் சின்னத் துளைகள், சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுரங்கக் கால்வாய் வயலுக்குப் போகும். மேல் அடைப்பை எடுத்தால் தண்ணீர் உள்ளே பாய்கிற வேகத்தில், அடித் துளைகள் வழியாகச் சேறும் கலந்து வெளியே போகும். தண்ணீருக்குத் தண்ணீர், வயலுக்கு வண்டல், ஏரியும் தூர்ந்து போகாது. 

போர்டில் பெரிதாக வரைந்தேன். ஆழம் கூடக் கூட வேகம் எப்படிக் கூடும், வர்க்கமூலக் கணக்கு, எல்லாம் சொன்னேன். அன்றைக்கு என் குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள், பம்ப் இல்லை, மோட்டார் இல்லை என்று ஆரம்பித்துவிட்டேன். வகுப்பு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. செல்போனில் போர்டைப் படம் எடுத்தார்கள். பெருமை நன்றாக விற்கும், எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

கடைசி பெஞ்சில் சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவன். ஹாஸ்டல். செமஸ்டர் முழுக்க வாயைத் திறக்காதவன் கையைத் தூக்கினான். "சார், அந்த அடைப்பை யாரு தூக்குவா?"

"நீச்சல் தெரிஞ்ச யாராவது முங்கித் தூக்குவாங்கப்பா." வகுப்பு லேசாகச் சிரித்தது.

அவன் சிரிக்கவில்லை. "யாராவது தூக்க முடியாது சார். எங்க ஊர்க் கண்மாயில அதுக்குன்னு வீடு இருக்கு. எங்க தாத்தாதான் கடைசி. மேல ஒரு கம்பு இருக்கும், அதப் பிடிச்சுத் தூக்கலாம். கம்பு இத்துப்போன வருசம் முங்கித்தான் தொறக்கணும். தண்ணி நிறைய நிக்கிறப்ப அது வராது சார், அடியில இழுக்கும். காலை உள்ள விட்டா அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த இழுப்பு எவ்வளவு சார் இருக்கும்? கணக்குப் போட முடியுமா?"

துளை எவ்வளவு அகலம் என்று கேட்டேன். வலது கையை விரித்துக் காட்டினான். "ஒரு சாண்." எவ்வளவு ஆழம்? "ரெண்டு ஆள் ஆழம்னு தாத்தா சொல்லும்."

ஒரு சாண் 20 சென்டிமீட்டர், ரெண்டு ஆள் ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். தண்ணீரின் அடர்த்தி, புவியீர்ப்பு, ஆழம், மூன்றையும் பெருக்கினால் அழுத்தம். அதைத் துளையின் பரப்பால் பெருக்கு. 924 நியூட்டன். கிலோவில் சொன்னால் 94. அடைப்பின் சொந்த எடை இதில் சேராது.

94 கிலோ என்று போர்டில் எழுதிவிட்டு நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கலங்கல் தண்ணீரில், கண் தெரியாமல், கால் ஊன்ற இடம் இல்லாமல், 94 கிலோ. தொட்டியின் மேல் உட்கார்ந்து காலை உதைத்துத்தான் தூக்கியிருக்க வேண்டும் என்று ஒருவன் சொன்னான். அடைப்பிலேயே ஒரு சின்னத் துளை போட்டு முதலில் அதைத் திறந்தால் இழுப்பு குறையாதா என்று இன்னொருவன் கேட்டான். பைலட் வால்வின் தத்துவம் அது, நான் இன்னும் அவர்களுக்கு நடத்தாதது. கீழே சுரங்கம் திறந்துகிடந்தால் பெரிதாகக் குறையாது என்று மூன்றாவது பையன் எதிர்த்தான். பெல் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். கேட்டது, கிளம்பிப் போனார்கள். ஆனால் பேசிக்கொண்டே போனார்கள்.

அந்தப் பையன் மட்டும் பையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தான். தாத்தாவுக்கு என்ன கூலி என்று கேட்டேன். அறுப்பு முடிஞ்சதும் களத்தில் நெல் அளப்பாங்க சார் என்றான். அப்புறம், ரொம்ப சாதாரணமாக, "கண்மாய்க்குள்ள முதல்ல எறங்குறது அவருதான். ஆனா ஊர்க் கிணத்துல தண்ணி எடுக்க முடியாது" என்றான். இப்போது ஷட்டர் போட்டுவிட்டார்களாம், சக்கரத்தைத் திருகினால் போதுமாம்.

பதினொரு வருடமாக நீருக்கடியில் இருக்கிற வட்டக் கதவின் மீது படும் விசை என்கிற கணக்கை நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் கண்டிப்பாக வருகிற கணக்கு. விட்டம் கொடுத்திருப்பார்கள், ஆழம் கொடுத்திருப்பார்கள், விடை நியூட்டனில் வரும், கீழே இரண்டு கோடு போடுவோம். அந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை. அவன் கேட்ட கேள்வி எந்தத் தாளைச் சேர்ந்தது? ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் தாத்தாவுக்கு இடம் இல்லை. 'தமிழரும் தொழில்நுட்பமும்' தாளில் தூம்புக்கு இடம் உண்டு, முங்கினவருக்கு இல்லை. சமூகவியல் எங்கள் கல்லூரியில் கிடையாது. இரண்டு தாள்களும் ஒரே அறையில், ஒரே ஆளின் வாயிலிருந்து, தற்செயலாக அடுத்தடுத்து வந்ததால் மட்டும்தான் அந்தக் கேள்வி நுழைய ஒரு இடுக்கு கிடைத்தது. நல்ல தமிழ் ஆசிரியர் ஒருவர் அந்தத் தாளை எடுத்திருந்தால் அவருக்கு 94 வந்திருக்காது. நான் என் பாடத்தை மட்டும் எடுத்திருந்தால் தாத்தா வந்திருக்க மாட்டார்.

பரந்த படிப்பு என்றால் நிறையப் பாடங்களை அடுக்குவது என்று நானும் நினைத்திருந்தேன். அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு லேத் பையனே சாட்சி. கணிதப் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, "சரிய்யா, ராமானுஜன்கிட்ட யாராவது உடலியலை இந்த மாதிரி கேட்டிருந்தா பாஸ் பண்ணியிருப்பான்றியா?" என்றார். பண்ணியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரை விட்டுவிட வேண்டும். ஆனால் என் வகுப்பில் இருக்கிற அறுபது பேரும் ராமானுஜன் என்று நினைத்துக்கொண்டு எல்லோரையும் விட்டுவிட முடியாது. இது திருப்தியான பதில் இல்லை. அவரும் அப்படித்தான் சொன்னார்.

லாரி டிரைவரை அப்புறம் ஒருமுறை பார்த்தேன், பையன் ஐந்தாவது செமஸ்டரில் இருந்தபோது. அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததுமே, "அந்தத் தமிழ்ப் பேப்பரை இண்டர்வியூல ஒண்ணுங் கேக்கறதில்லியாமுங்க சார், சீனியர் பசங்க சொன்னாங்களாம்" என்றார். கோபம் எல்லாம் இல்லை, தகவல் சொல்கிற மாதிரி. நான் அசடு வழிந்தேன். அவர் விடவில்லை. "பையன் கொடுமணல்ல இரும்புக் காய்ச்சினாங்கன்னு சொன்னான். சென்னிமலைக்கு அந்தப் பக்கம், நொய்யல் ஓரத்துலதானுங்களே? நெசமாவாங்க?"

ஆமாம் என்றேன். அகழாய்வில் உலைகள் கிடைத்ததையும், மணிக்கற்கள் செய்த இடம் என்பதையும், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் வருவதையும் சொன்னேன். மேற்குக் கடற்கரை முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் வருகிற பாதையில் அந்த ஊர் இருந்தது என்றேன். பாதை என்றதும் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "லோடு எதுலீங்க போச்சு? மாடா, வண்டியா? கணவாயில மழைக்காலத்துல வண்டி ஏறாதுங்களே. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போயிருப்பாங்க? எங்க தங்குனாங்க?"

நாலு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன், இந்த முறை.

போன மாதம் கரஸ்பாண்டென்ட் அறையில் மீட்டிங். பிளேஸ்மென்ட் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. முதலாமாண்டிலேயே ஆப்டிட்யூட் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும், டைம்டேபிளில் இடம் இல்லை, அந்த ஒரு கிரெடிட் தாளின் பதினைந்து பீரியடில் பத்தை எடுத்துக்கொள்ளலாம், நோட்ஸைப் பிடிஎஃப்பாகக் கொடுத்துவிட்டால் பாஸ் செய்துவிடுவார்கள் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை இல்லாமல் வெளியே போகிற பையனின் முகம் எனக்கும் தெரியும், அதனால் அவர்கள் சொல்வதை அபத்தம் என்று ஒதுக்க முடியவில்லை. ஐந்து பீரியட் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேரம் ஏழில் முடிந்தது. எட்டு எனக்கு.

மீட்டிங் முடிந்து வந்து பழைய இன்டர்னல் விடைத்தாள் கட்டுகளைப் புரட்டினேன். அந்தப் பையன் எழுதியதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நானே தயாரித்த கேள்வித்தாள். 'குமிழித் தூம்பு என்றால் என்ன?' இரண்டு மார்க். அவன் மூன்று வரி எழுதியிருந்தான், நான் கொடுத்த நோட்ஸில் இருந்ததை, ஒரு எழுத்துக்கூட மாறாமல். தாத்தா இல்லை, சாண் இல்லை, 94 இல்லை. சிவப்பு மையில் நான் இரண்டுக்கு இரண்டு போட்டிருந்தேன்.

இந்த செமஸ்டர் அதே யூனிட்டுக்கு அசைன்மென்ட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சாண் அகலத் துளை, ரெண்டு ஆள் ஆழம். அடைப்பைத் திறக்க எவ்வளவு விசை வேண்டும், யார் திறப்பார், என்ன கூலிக்கு, உங்கள் ஊரில் விசாரித்து எழுதவும். மறுநாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி இரண்டு நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள்.

"சார், இதை எந்த நோட்டுல எழுதறது?"